செல்லாத கடப்பிதழ்

தோட்டத்து மண் – வரலாற்றுத் தொடர், அத்தியாயம் 23

2007 நவம்பர் 25 பத்துமலையில் எப்படி விடிந்தது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். கோயிலின் இரும்புக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட சனங்கள் மேல் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பாய்ந்தன. ஜாலான் அம்பாங்கில் பிரிட்டிஷ் தூதரகத்தை நோக்கி நடந்தவர்களுக்கும் அதுவே கிடைத்தது. எலிசபெத் அரசியாரின் பெயருக்கு எழுதிய மனுவை அன்று யாராலும் கொண்டுபோய்க் கொடுக்க முடியவில்லை.

அந்தக் கூட்டத்தைக் கூட்டியவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்காரர். சிரம்பானில் வழக்கறிஞர் தொழில் பார்த்துவந்த பொன்னுசாமி வேதமூர்த்தி. அண்ணன் உதயகுமாரும் வழக்கறிஞர்தான். எவரெஸ்ட் ஏறிய குழுவில் இருந்த இராணுவ வீரர் மூர்த்தி 2005 டிசம்பரில் இறந்தபோது, அவரை இந்து முறைப்படி எரிப்பதா, இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்வதா என்று எழுந்த வழக்கில் மனைவியின் பேச்சு எடுபடவில்லை. அந்த வேதனையில் முப்பது இந்து அமைப்புகள் கூடி உருவாக்கியதே ஹிண்ட்ராஃப். அடுத்த இரண்டு ஆண்டுகளில் உடைபட்ட கோயில்கள் அதை வளர்த்தன. 2007 தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மகா மாரியம்மன் கோயிலை இடித்தார்கள். அந்தத் தீபாவளியைப் பல தோட்டங்களில் துக்கமாகவே கழித்தோம்.

குற்றம் சாட்டியது எளிய ஆட்களை அல்ல. சுதந்திரத்தின் ஐம்பதாவது ஆண்டு நாளான 2007 ஆகஸ்ட் 31 அன்று வேதமூர்த்தி லண்டன் நீதிமன்றத்தில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார். கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து பால்மரக் காட்டில் இறக்கிய சனங்களை, 1957இல் எந்தப் பாதுகாப்பும் செய்துவைக்காமல் கைவிட்டுப் போனீர்கள், அதற்கு நான்கு டிரில்லியன் அமெரிக்க டாலர் இழப்பீடு கொடுங்கள் என்பது வழக்கு. நவம்பர் 15 அன்று உதயகுமார் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுனுக்கு எழுதிய கடிதம் மலேசிய அரசையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. ‘இனச் சுத்திகரிப்பு’ என்ற சொல் அதில் இருந்தது. அந்தச் சொல் மிகையானது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். போஸ்னியாவிலும் ருவாண்டாவிலும் நடந்ததை விவரிக்கும் சொல்லை இங்கே கொண்டுவந்து வைத்ததால், கோயிலும் வேலையும் வீடும் பறிபோன நிஜமான குறைகளைப் பேச விரும்பாதவர்களுக்கு அந்தச் சொல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க வழி கிடைத்தது. ஆனாலும், ஒரு குற்றச்சாட்டு மிகை என்றால் மறுத்து நிரூபிக்கலாம். அரசு அதைச் செய்யாமல் விலங்கை எடுத்தது.

பேரணிக்கு இரண்டு நாள் முன்பு அண்ணன், தம்பி, அவர்களோடு இயங்கிய வழக்கறிஞர் கணபதிராவ் மூவரையும் பிடித்து, கிள்ளான் நீதிமன்றத்தில் தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டினார்கள். குற்றப்பத்திரிகையில் குறை இருந்ததால் பேரணிக்கு மறுநாள் நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. வேதமூர்த்தி அதன்பின் அதிக நாள் தங்கவில்லை. முதலில் இந்தியாவுக்குப் போய் அங்கே ஆதரவு திரட்டினார். அப்போது தமிழக முதல்வராக இருந்த கருணாநிதி, மலேசியத் தமிழர் நிலை குறித்து இந்தியப் பிரதமருக்குக் கடிதம் எழுத, மலேசிய அமைச்சர் ஒருவர், அவர் தம் மாநிலத்துக் கவலையைப் பார்க்கட்டும் என்று பதில் சொன்னார். அங்கிருந்து வேதமூர்த்தி லண்டன் போய்ச் சேர்ந்தார்.

அவர் போனது நல்லதாயிற்று. டிசம்பர் 13 அன்று உதயகுமார், மனோகரன், கெங்காதரன், கணபதிராவ், வசந்தகுமார் என்ற ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐவரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கைதாகிக் கமுந்திங் முகாமுக்குப் போனார்கள். விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, அமைச்சரின் கையெழுத்து போதும். பயங்கரவாதக் குழுக்களோடு தொடர்பு என்று போலீஸ் தலைவர் சொன்னார். அவர்கள் மறுத்தார்கள். அதை எந்த நீதிமன்றத்திலும் யாரும் நிரூபிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஐசா என்று சுருக்கிச் சொல்லி நாம் பழகிவிட்ட அந்தச் சட்டத்தின் பலமே அதுவாகத்தான் இருந்தது.

இப்போது லண்டனில் இருக்கும் ஆறாவது ஆளை என்ன செய்வது?

ஒரு நாட்டில் குற்றம் சாட்டப்பட்டவர் இன்னொரு நாட்டில் இருந்தால் அவரை ஒப்படைக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டார்கள். அங்குள்ள நீதிமன்றம் முதலில் பார்ப்பது, இது நம் நாட்டிலும் குற்றம்தானா என்பதை. அடுத்தது, இவருடைய இனத்துக்காக, மதத்துக்காக, அரசியல் கருத்துக்காகத் தண்டிக்கத்தான் கேட்கிறார்களா என்பது. அப்படி என்றால் ஒப்படைக்கக் கூடாது என்று பிரிட்டனின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மலேசியாவின் 1992ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டமும் எட்டாம் பிரிவில் ஏறக்குறைய இதையே சொல்கிறது. அரசைக் குறை கூறிக் கடிதம் எழுதிய இயக்கத்தின் தலைவரைத் தேச நிந்தனைக்காக லண்டன் நீதிமன்றத்தில் கேட்டு வாங்குவது நடக்கிற காரியமாக இருந்திருக்காது. நம்மீது 1948இல் தேச நிந்தனைச் சட்டத்தைச் சுமத்தியவர்கள் பிரிட்டிஷ்காரர்களே. தங்கள் நாட்டில் அந்தக் குற்றத்தை அவர்கள் 2009இல் சட்டம் இயற்றி நீக்கினார்கள், 2010 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இங்கே அது இன்னும் இருக்கிறது.

அரசியல் காரணத்துக்காக ஆளை ஒப்படைக்கக் கூடாது என்ற இந்தப் பாதுகாப்பு சும்மா வந்துவிடவில்லை. இதற்காகத் தோற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லாமல் வேதமூர்த்தி கதையை நகர்த்த எனக்கு மனமில்லை.

1910 மார்ச்சில் லண்டன் விக்டோரியா ரயில் நிலையத்தில் இந்தியப் புரட்சியாளர் சாவர்க்கர் கைதானார். ராஜத்துரோகம், இந்தியாவுக்குத் துப்பாக்கி அனுப்பியது என்று குற்றச்சாட்டுகள். பேரரசுக்குள் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு ஆளைப் பிடித்து அனுப்ப 1881ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அதில் அரசியல் குற்றம் என்பதற்கு எந்த விலக்கும் கிடையாது. பிரான்சோ ஜெர்மனியோ கேட்டிருந்தால் தப்பியிருக்கக்கூடிய ஆள், பம்பாய் அரசு கேட்டதால் தப்ப முடியவில்லை. நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறித் தோற்று, ‘மோரியா’ என்ற கப்பலில் அனுப்பப்பட்டார். ஜூலை 8 அன்று மார்செய் துறைமுகத்தில் கப்பலின் சிறு சன்னல் வழியாகக் கடலில் குதித்து நீந்திக் கரையேறினார். பிரெஞ்சு மண்ணில் கால் வைத்தவரைப் பிரெஞ்சுப் போலீஸ்காரர் ஒருவர் பிடித்துத் திரும்பக் கப்பலில் ஏற்றிவிட்டார். அப்படிச் செய்தது தவறா என்று ஹேக் நகரில் பன்னாட்டு நடுவர் மன்றம் விசாரித்து, 1911 பிப்ரவரியில் பிரிட்டனுக்குச் சாதகமாகச் சொன்னது. அதே லண்டன் வட்டத்தில் இருந்த திருச்சி வரகனேரி வ.வே.சு. ஐயர், பிடிபடாமல் 1910இலேயே புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பாரதியார் அங்கே வந்திருந்தார். பிரெஞ்சுக் கொடி பறந்த அந்தச் சிற்றூரின் எல்லைதான் அவர்கள் இருவரையும் காத்தது.

அந்த 1881ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொருவரையும் பலி கேட்டது. நைஜீரியாவின் சுதந்திரத்துக்கு 1953இலேயே நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்த ஆண்டனி எனஹோரோ, 1962இல் ராஜத்துரோகக் குற்றச்சாட்டு வந்தபோது பிரிட்டனுக்குத் தப்பிப் போனார். புதிதாக விடுதலை பெற்ற நாட்டில் எதிர்க்கட்சியை ஒடுக்கவே இந்த வழக்கு என்று அவர் தரப்பு வாதாடியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மாதக்கணக்கில் சண்டை நடந்தது. ஆளும் கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. ஆனாலும் 1963 மே மாதம் அவரை விமானத்தில் ஏற்றினார்கள். லாகோஸில் 15 ஆண்டு சிறை விதித்தார்கள். அந்த வெட்கம் பிரிட்டனை விடவில்லை. 1967இல் பழைய சட்டத்தைத் தூக்கிப்போட்டு, காமன்வெல்த் நாடுகள் கேட்டாலும் அரசியல் குற்றத்துக்கும் அரசியல் கருத்துக்கும் ஆளை ஒப்படைப்பதில்லை என்று புதுச் சட்டம் எழுதினார்கள். நாற்பது ஆண்டு கழித்து லண்டனில் வேதமூர்த்தி தைரியமாக வாய் திறந்து பேச முடிந்ததற்கு, லாகோஸ் சிறைக்குப் போன அந்த மனிதருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆளைக் கேட்டு வாங்க முடியாத அரசுக்கு வேறொரு வழி இருந்தது. அதற்கு நீதிமன்றம் ஏறத் தேவையில்லை.

2008 மார்ச் 8 பொதுத் தேர்தலில் ஆளும் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. ஐந்து மாநிலங்களில் எதிர்க்கட்சிகள் வென்றன. சுங்கை சிப்புட்டில் ம.இ.கா. தலைவர் சாமிவேலு தோற்றார். கமுந்திங்கில் அடைபட்டிருந்த மனோகரன் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். பத்துமலைப் புகையின் விளைவு இது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஏப்ரல் மாதம் வேதமூர்த்தி ஜெனீவாவிலிருந்து லண்டன் திரும்பினார். ஹீத்ரோ விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி கடப்பிதழை வாங்கிப் பார்த்தார். உங்கள் அரசாங்கம் இதை ரத்து செய்துவிட்டது என்ற சேதி அங்கேதான் தமக்குத் தெரியவந்தது என்று வேதமூர்த்தி பின்னர் சொன்னார். முன்கூட்டி ஒரு கடிதமில்லை, விளக்கம் கேட்கவில்லை. கையில் இருந்த சிறு புத்தகம் அந்தக் கணத்தில் வெறும் காகிதமாயிற்று. பிரிட்டன் அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. அக்டோபர் 15 அன்று ஹிண்ட்ராஃப் சட்டவிரோத அமைப்பு என்று உள்துறை அமைச்சு அறிவித்தது. ஆகவே திரும்பி வந்தால் கைது, வராவிட்டால் நாடற்றவர் என்ற நிலை.

ஒருவரைப் பிற நாட்டிலிருந்து கேட்டு வாங்க ஆதாரம் காட்ட வேண்டும், நீதிபதியின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கடப்பிதழை ரத்து செய்ய இவை எதுவும் வேண்டாம். இந்தியாவில் இது செல்லாது. 1977இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைக் காரணம் சொல்லாமல் முடக்கியபோது, இந்திய உச்ச நீதிமன்றம் 1978 ஜனவரியில் வெளிநாடு போவது தனிமனிதச் சுதந்திரத்தின் பகுதி, ஒருவரின் பக்கத்தைக் கேட்காமல் அதைப் பறிக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. மறு ஆண்டே, லோ வாய் கோங் வழக்கில் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் நேர் எதிராகச் சொன்னது. வெளிநாடு போகும் உரிமையை நம் அரசியலமைப்பு தரவில்லை, கடப்பிதழ் அரசு தரும் சலுகையே என்றது. இரண்டு அரசியலமைப்புகளிலும் வாக்கியங்கள் ஏறக்குறைய ஒன்றே. படித்தவர்களின் மனம்தான் வேறு. வேதமூர்த்தியின் கடப்பிதழ் 1979 தீர்ப்பின் நிழலில்தான் செத்தது.

இந்த இடத்தில் ஹீத்ரோவை விட்டு நம் ஊரான புக்கிட் பெலண்டோக்குக்கு வர வேண்டியிருக்கிறது. ஏனென்றால் காகிதம் இல்லாத மனிதர் எப்படி இருப்பார் என்பது இங்கே யாருக்கும் புதிதல்ல.

சுவா பெத்தோங், தானா மேரா, சிலியாவ் என்று நம்மைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்த பலருக்குப் பிறப்பைப் பதிய ஆள் இருந்ததில்லை. லயத்திலேயே மருத்துவச்சி பார்த்த பிரசவம். பதிவு அலுவலகமோ டவுனில். ஒருநாள் போய்வந்தால் ஒருநாள் சம்பளம் போச்சு. அப்பாவுக்குக் குடியுரிமை இல்லாதவருக்குரிய சிவப்பு அடையாள அட்டை என்றால் பிள்ளைக்கு என்ன எழுதுவது என்று கிராணிக்கே தெரியாது. இன்றும் சில வீடுகளில் கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின் ஒன்றை இழுத்துக் காட்டுவார்கள். மடிப்பு கிழிந்த சிவப்பு அட்டை, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை, கோயில் திருவிழா நன்கொடை ரசீது, அதற்கடியில் பதிவிலாகா திருப்பி அனுப்பிய விண்ணப்பங்கள். அறுபது எழுபது ஆண்டு இதே மண்ணில் பால் வெட்டியவர்கள் என்பதற்கு அந்த டின்னைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. 1969 மே கலவரத்துக்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயம் என்று வந்தபோது ஏறத்தாழ 60,000 பேர் தோட்டங்களை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களை யாரும் வழக்குப் போட்டு நாடு கடத்தவில்லை. சீட்டு இல்லை, அவ்வளவுதான்.

அதிகாரிகளின் காகிதத்தில் எழுதியிருப்பதே உண்மை என்று பிடிவாதம் பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் இவ்வூர் 1999இல் பார்த்தது. பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலில் விழுந்து செத்துக்கொண்டிருக்க, இது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று சொல்லி மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்த பிறகே அது வேறு நோய் என்று தெரிந்தது. பக்கத்துக் கம்போங் சுங்கை நிப்பாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நாட்டில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள். அந்த மரணங்களைப் பற்றித் தனி அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். அன்று பண்ணைத் தொழிலாளர் சொன்னதை முதலிலேயே காது கொடுத்துக் கேட்டிருக்கலாமே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

லண்டனுக்குத் திரும்புவோம். அங்கே வேதமூர்த்தி தனியாக இல்லை. மங்கோலியப் பெண் அல்தான்துயாவின் கொலை வழக்கு தொடர்பாக அதிகாரத்தில் இருந்தவர்கள்மேல் குற்றம் சாட்டிய வலைப்பதிவர் ராஜா பெத்ரா கமாருடின், அவதூறு வழக்கையும் தேச நிந்தனை வழக்கையும் விட்டு 2009இல் பிரிட்டனுக்குப் போனார். 2024இல் மான்செஸ்டரில் இறக்கும்வரை திரும்பவில்லை. அரசு முதலீட்டு நிறுவனமான ஒன் எம்டிபியின் பணம் எங்கே போனது என்று அம்பலப்படுத்திய ‘சரவாக் ரிப்போர்ட்’ ஆசிரியர் கிளேர் ரியூகாஸல் பிரவுனுக்கு 2015 ஆகஸ்டில் கைது ஆணை பிறந்தது. உதயகுமார் கடிதம் எழுதிய அதே கார்டன் பிரவுனின் தம்பி மனைவி அவர். மலேசியப் போலீஸ் இன்டர்போலிடம் சிவப்பு அறிவிப்பு கேட்க, இன்டர்போல் மறுத்தது. அரசியல் விவகாரங்களில் தலையிடக் கூடாது என்று அதன் சாசனத்தின் மூன்றாம் பிரிவே தடுக்கிறது. 2018 மே மாதம் ஆட்சி மாறியதும் அவர் கோலாலம்பூரில் வந்து இறங்கினார். அவர் குற்றம் சாட்டிய முன்னாள் பிரதமர் நஜிப் 2022 ஆகஸ்டிலிருந்து சிறையில். ஆனால் 2024 பிப்ரவரியில் கோலா திரங்கானு நீதிமன்றம், கிளேர் எழுதிய புத்தகத்தின் ஒரு வரிக்காக, குற்றவியல் அவதூறு என்று அவர் இல்லாமலேயே இரண்டாண்டு சிறை விதித்தது. ஆட்சிகள் மாறின. அந்தச் சட்டப்பிரிவு மாறவில்லை.

வேதமூர்த்தியின் ஐந்தாண்டு லண்டன் வாழ்வில் முதல் இழப்பீட்டு வழக்கு நின்றுபோயிற்று. 2012இல் மறுபடி போட்ட வழக்கையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. இங்கே கமுந்திங்கில் இருந்த ஐவரும் 2009 ஏப்ரல், மே மாதங்களில் வெளியே வந்தார்கள். 2012இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமே நீக்கப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று வேதமூர்த்தி சிங்கப்பூர் வழியாக ஜொகூர் பாலத்தைக் கடந்து நாட்டுக்குள் வந்தார். அவரைக் கைது செய்யவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை தயங்குகிறது, ஆனால் எழுதாமல் விட முடியாது. 2013 மார்ச்சில் அவர் மூன்று வாரம் உண்ணாவிரதம் இருந்தார். தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள், அடையாளக் காகிதம் இல்லாதவர்கள், கல்வி, தொழில் வாய்ப்பு ஆகியவற்றுக்கு ஐந்தாண்டுத் திட்டம் வேண்டும் என்பது கோரிக்கை. ஏப்ரல் 18 அன்று, எந்த ஆட்சியின் மேல் குற்றம் சாட்டி நாட்டை விட்டுப் போனாரோ அந்தத் தேசிய முன்னணியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். பிரதமர் நஜிப் முன்னிலையில் அது கையெழுத்தானது. தோட்டப்புறங்களில் நண்பர்கள் ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்தும் அளவுக்கு அது பிளவை உண்டாக்கியது. விலைபோய்விட்டார் என்றார்கள் பலர். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பிஸ்கட் டின்னோடு வருபவருக்கு அட்டை வாங்கித் தர முடியும் என்றால் யாரோடும் உட்காரலாம் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். ஆனால் எழுதிக் கையெழுத்தானதை நிறைவேற்ற வைக்கும் பலம் அவர் கையில் இல்லை என்பதை அவர் முன்பே எடைபோட்டிருக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

மே மாதம் அவர் பிரதமர் துறையில் துணை அமைச்சரானார். ஜூன் 5 அன்று அவருடைய அண்ணன் உதயகுமாருக்கு, கார்டன் பிரவுனுக்கு எழுதிய அந்த 2007ஆம் ஆண்டுக் கடிதத்துக்காகத் தேச நிந்தனைக் குற்றத்தில் இரண்டரை ஆண்டு சிறை விதித்தார்கள். காஜாங் சிறைக்குள் அண்ணன், புத்ராஜெயா அலுவலகத்தில் தம்பி. எட்டு மாதம் தம்பி பொறுத்துப் பார்த்தார். ஒப்பந்தத்தில் சொன்னது எதுவும் நகரவில்லை என்று 2014 பிப்ரவரியில் பதவியைத் தூக்கிப்போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அண்ணனின் தண்டனையை இரண்டாண்டாகக் குறைத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் உதயகுமார் வெளியே வந்தார். 2018இல் ஆட்சி மாறியபோது வேதமூர்த்தி முழு அமைச்சரானார், 2020இல் அந்த ஆட்சி கவிழும்வரை இருந்தார்.

வேதமூர்த்தியின் கடப்பிதழ் ரத்தான அதே 2008இல், ஜூலை 3 அன்று அல்தான்துயா கொலை வழக்கு தொடர்பாக ஒரு சத்தியப் பிரமாணத்தை வெளியிட்டு, மறுநாளே அதைத் திரும்பப் பெற்று, மனைவி மக்களோடு இரவோடு இரவாக நாட்டைவிட்டுப் போய்ச் சென்னையில் தங்கிய தனியார் துப்பறிவாளர் பி. பாலசுப்பிரமணியத்துக்கு வேதமூர்த்திக்குக் கிடைத்த அடைக்கலம் எதுவும் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி அடுத்த வாரம்.